மேடையில் இருந்த ஒரே தையல் மெஷின்

1

இந்தக் கதை எனக்குக் கச்சேரி ரோட்டுச் சுவரில் கிடைத்தது. ‘ஆதரவற்ற மகளிருக்குத் தையல் மெஷின் வழங்கும் விழா’ என்று ஒரு சுவரொட்டி. வட்டத் தலைவர் சுப்பராயனின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது; மெஷின் கட்டைவிரல் அளவுக்கு. மகளிரைக் காணவில்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தில் ஒருத்தியை நான் எழுதலாம் என்று தோன்றியது.

முதல் தொடக்கம்: எஸ்தர் சன்னலருகே நின்று, பனி விழுவதை…

(மன்னிக்கவும். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான் ஆகிறது. நொச்சிக்குப்பத்தில் பனி விழுவதில்லை. எஸ்தர் வீட்டில் சன்னலும் இல்லை.)

2

எஸ்தர் மீன் விற்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன் என்று கிளம்பிய அவள் கணவன் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. நீளமான பூசை. விடியுமுன் மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போகும்போது, தூங்கும் சின்ன மகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். மெஷின் இருந்தால் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கலாம்; பூட்டு வேண்டியதில்லை. அவள் கேட்பது அவ்வளவுதான்.

3

விழா மாங்கொல்லைத் திடலில். கணவனை இழந்தவர்கள் முன்வரிசை. கணவன் விட்டுப் போனவர்கள் பின்வரிசை. செத்தவனின் மனைவியைப் பார்த்தால் கட்சிக்கு இரக்கம் வருகிறது. ஓடிப்போனவனின் மனைவி என்றால், இவள் என்ன செய்தாளோ என்று யோசனை வருகிறது.

முன்வரிசையிலிருந்து அதே குப்பத்து முத்தம்மா திரும்பிப் பார்த்தாள்.

“இன்னா எஸ்தரு, பூ வெச்சுக்கினு வந்துகீறே? மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வரத்தெரியாது உனக்கு?”

“போனவன் அவன். பூவு என்னுதுதானேக்கா.”

தலைவர் மைக்கைப் பிடித்தார். “சும்மா சும்மா குடுத்தா பொம்பளைங்க கெட்டுப் போவாங்க. நாளைக்கு அவளவளும் புருஷனைத் துரத்திட்டு மெஷினுக்கு வந்து நிப்பா.”

கைதட்டல். பேசும்போது அவர் தோளில் சும்மா கிடைத்த பொன்னாடை, பின்னால் சும்மா கிடைத்த சோபா, கையில் சும்மா கிடைத்த சோடா. அவர் கெட்டுப் போனதாக யாரும் கவலைப்படவில்லை.

4

முத்தம்மா மேடையேறினாள், மரப்பெட்டியில் வைத்த கைமெஷினை வாங்கினாள், போட்டோவுக்கு நின்றாள். தொண்டர் ஒருவர் மெஷினைத் திரும்ப வாங்கி மேஜையில் வைத்தார். அடுத்தவளுக்கும் அதே மெஷின். அதற்கடுத்தவளுக்கும்.

எஸ்தரின் முறை வந்தது.

“புருஷன் ஏம்மா உட்டுட்டுப் போனான்?” தலைவர் மைக்கிலேயே கேட்டார்.

“தெரியல தலைவரே. பாத்தா கேட்டு எனக்கும் சொல்லுங்க.”

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

“கொஞ்சம் சோகமா நில்லும்மா,” என்றார் போட்டோக்காரர்.

(அவரைத் திட்டாதீர்கள். என் இரண்டாம் வரைவிலும் இந்த இடத்தில் அவள் கண்ணீரோடு, யுகயுகமான… அடித்துவிட்டேன். எனக்கும் போட்டோக்காரருக்கும் வேண்டியிருந்தது ஒரே முகம்.)

“சோகமா நின்னா மெஷினு நல்லா ஓடுமா?” என்றாள் எஸ்தர்.

விளக்கு பளிச்சிட்டது. தொண்டர் கை நீட்டினார். “வெச்சிட்டுப் போம்மா. இது போட்டோவுக்கு. உன்னுது அப்பால வரும்.”

“அப்பால எப்போ?”

“எலெக்‌ஷன் முடியட்டும்.”

5

முடிவு அ: அவள் மெஷினை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கிறாள். யதார்த்தம் என்று பாராட்டுவார்கள். பாராட்டுகிறவர்களின் குழந்தைகள் பூட்டிய வீட்டுக்குள் இல்லை.

முடிவு ஆ: தலைவரின் மனம் கரைந்து அவர்… (வேண்டாம். பனி விழுவதையாவது நம்புவீர்கள்.)

முடிவு இ என்று எழுதுவதற்குள் எஸ்தர் பெட்டியை மேஜையில் வைத்து, முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டாள். “அக்கா, ஒரு கை புடி.”

மேடைப் படியருகே நின்ற முத்தம்மா மேஜையைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள். பிறகு ஏறி வந்து கை கொடுத்தாள். மீன்கூடை ஏறுவதுபோல் பெட்டி தலைக்கு ஏறியது.

இப்போது அவள் கச்சேரி ரோட்டில், கடலைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறாள். பின்னால் தொண்டர் ஓடிவருகிறார். அவரை இந்த வாக்கியத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருக்கிறேன். ரொம்ப நேரம் தாங்காது. எதிரே நீங்கள் வருகிறீர்கள். வழிவிடுவீர்களோ, மறிப்பீர்களோ, எனக்குத் தெரியாது.

மறிப்பதானால் ஒன்று. தலைச்சுமையைத் தனியாக இறக்க முடியாது. எதிரே நிற்பவர்தான் கை கொடுத்து இறக்க வேண்டும்.