கடைமடையும் தண்ணி கேமும்

"ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. நமது ஏரிப் பாசன சங்கத்தின் மாண்புமிகு தலைவர் சுப்பராயலு அவர்கள், உலகெங்கும் பலரைத் திணறடித்து வரும் தண்ணி கேமின் நாற்பதாம் கட்டத்தை, யூட்யூப் முதலிய எவ்வித வெளி உதவியும் இன்றி, முழுக்க முழுக்கத் தமது சொந்த அறிவைக் கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் சபையோர் முன்னிலையில் வென்று காட்டுவார். விவசாயப் பெருங்குடி மக்கள் திரளாக வந்து கண்டு களிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் இதை வாசித்தவர் சங்கச் செயலாளர் அரிகரன். இதற்கு முன்னால் மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடுவதைப் பற்றிச் சொன்னார், பின்னால் கரண்ட் நிறுத்தத்தைப் பற்றி. மூன்றையும் ஒரே குரலில்தான் சொன்னார். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சுப்பராயலுவுக்கு மட்டும் நடுவில் இருந்தது தனியாகக் கேட்டது. 'மாண்புமிகு' என்பதை அவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

பாகூரில் டெம்போ பிடித்து, கரும்புக்கு நடுவே கொஞ்ச நேரம் குலுங்கினால் வருகிற வேலாம்பட்டில், தலைவர் என்றால் மாலை மரியாதையோடு முடிகிற சங்கதி இல்லை. ஏரி மடையின் ஷட்டரைத் திருகுகிற இரும்புக் கைப்பிடி தலைவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் சாத்தியிருக்கும். கைப்பிடி யார் வீட்டிலோ, யாருக்கு முதல் தண்ணீர் என்பதை அவர் சொல்வார். சுப்பராயலு வீட்டுக் கதவுக்குப் பின்னால் அது சாய்ந்து சாய்ந்து சுவரில் பள்ளமே விழுந்திருந்தது. அவர் நிலம் தலைமடையில், ஏரிக்கரையை ஒட்டி. ஆகவே முதல் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வியை அவர் ஒருபோதும் நீண்ட நேரம் யோசித்ததில்லை.

கேம் அவரிடம் வந்தது தற்செயல். முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது, போனில் உர விலை பார்க்கப் போய், நடுவில் வந்த விளம்பரத்தைத் தொட்டுவிட்டார். தண்ணீரைத் திருப்பிவிட்டு வறண்ட ஊர்களைக் காப்பாற்றுகிற கேம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் 'இன்றைய வெற்றி' என்று கும்பிடு போட்ட படத்தோடு ஸ்டேட்டஸ் வைப்பார். கால் சரியான பிறகும் வைத்தார். சங்கத்து ஆட்கள் எல்லோரும் அந்த கேமைத் தங்கள் போனில் இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. வழியில் பார்த்தால் "எத்தினியாவதுல இருக்க" என்று கேட்பார். அவரைவிட அதிகமாகச் சொன்ன ஒருத்தருக்கு அந்தப் போகத்தில் முறைத் தண்ணீர் பிந்திவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் அவருக்கு ஒரு கட்டம் கீழேயே இருந்தார்கள்.

நாற்பதாம் கட்டத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஓர் ஏரி. ஒரு நீள வாய்க்கால். வாய்க்காலோரம் ஏழு தொட்டி, ஏழு மடை. இருக்கிற தண்ணீரில் ஏழும் நிரம்ப வேண்டும்.

"இதப் போயி என்னாண்ட கேக்கறான்" என்று சொல்லிவிட்டு முதல் மடையைத் திறந்தார். முதல் தொட்டி தளும்பியது. இரண்டாவது, மூன்றாவது நிரம்பின. ஐந்தாவதுக்குப் பாதியிலேயே ஏரி தீர்ந்து போனது. கரையில் ஒரு வாத்து உட்கார்ந்திருக்கும். அது அவரைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

முதல் மடையை அரைவாசி திறந்து பார்த்தார். கால்வாசி திறந்தார். திறந்து மூடித் திறந்தார். முதலையும் மூன்றையும் சேர்த்துத் திறந்தார். வாத்து சளைக்காமல் தலையாட்டியது. முதல் மடையை மூடியே வைத்திருந்து கீழே ஒன்றைத் திறக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் என்பது நமக்கு வந்துவிட்டு, பிறகு முடிந்தால் மற்றவர்களிடம் போகிற பொருள்.

தலைவர் மாட்டிக்கொண்ட விஷயம் ஊருக்குத் தெரிந்தது, ஸ்டேட்டஸ் நின்று போனதால். தங்கவேல் டீக்கடையில் வைத்துச் சொன்னார்: "ஏழு தொட்டிக்குத் தண்ணி வுடத் தெரியல. இவராண்டதான் ஊரு ஏரி கெடக்குது."

தங்கவேல் வேறு யாருமில்லை, சுப்பராயலுவின் மனைவி வைஜெயந்திக்குக் கூடப் பிறந்த அண்ணன். நிலம் கடைமடையில், வாய்க்கால் முடிகிற இடத்தில். வாய்க்காலில் தண்ணீர் அவரிடம் வந்து சேரும்போது அது பெரும்பாலும் வெறும் ஈரமாகத்தான் இருக்கும். வருகிற பொதுக்குழுவில் நடக்கும் தலைவர் தேர்தலில் இந்தத் தடவை சுப்பராயலுவை எதிர்த்து நிற்கிறார். ஜெயித்தால் முதல் தண்ணீர் கடைமடைக்கு என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டீக்கடைப் பேச்சு ஆறுவதற்குள் சுப்பராயலுவிடம் வந்து சேர்ந்தது. மறுநாள் ஸ்பீக்கர் கட்டியாயிற்று.

அறிவிப்பை வாசித்து முடித்த அரிகரன் நேரே தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"தலைவரே, ஒரு தபா வீடியோவப் பாத்துடுங்க. பாக்காத மாதிரி ஞாயித்துக்கெழம வெளாடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"அரி, விடையப் பாத்து வெளாடறது ஒரு வெளாட்டா? அடுத்தவன் மென்னு துப்புனத எடுத்துத் துன்ற மாதிரி. மனுசன்னா மாட்டிக்கினு முழிக்கணும். முழிக்க முழிக்கத்தான் மூள வளரும்."

"நீங்க முழிக்க ஆரம்பிச்சப்ப போட்ட கொத்தவர காய்ச்சி ஓஞ்சி போச்சி தலைவரே."

"வளரட்டும்" என்றார் சுப்பராயலு. எதைச் சொன்னார் என்று அரிகரன் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கரும்புக் கொல்லையில் இருந்த மோட்டார் கொட்டாய்க்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று மோட்டாரைப் போட்டார். யூட்யூபைத் திறந்தார்.

தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒருவன் வந்து, சேனலை சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி, லைக் பண்ணச் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "ரொம்ப சிம்பிள் ப்ரோ. மேல ஒண்ணு தொறந்தாலே தண்ணி தளும்பி வேஸ்ட் ஆயிடும், ஓட்டமும் செத்துடும். ஸோ கடைசி மடையத்தான் ஃபர்ஸ்ட் தொறக்கணும். அது ரொம்பினதும் ஒவ்வொண்ணா மேல வரணும். மொத மடைய லாஸ்ட்ல தொறங்க. அவ்ளோதான்." ஏழு தொட்டியும் நிரம்பின. வாத்து தண்ணீரில் இறங்கி நீந்தியது. அது நீந்தும் என்பதே சுப்பராயலுவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் கடைமடைக்காரனாக இருப்பான் என்று நினைத்து வேறொரு வீடியோ பார்த்தார். அதிலும் அப்படித்தான். இந்தி வீடியோ ஒன்றும் பார்த்தார். மொழி புரியவில்லை, மடை புரிந்தது.

கதவைத் தட்டினாள் வைஜெயந்தி. "நேத்துதான தண்ணி கட்டனீங்க. கரும்பு முழுகுது. இன்னாத்துக்கு மறுபடி மோட்டாரு?"

போனை மறைக்கத் தாமதமாகிவிட்டது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஓ, இந்தாளா. நானும் இவனத்தான் பாத்தேன்."

"நீ எப்ப பாத்த?"

"மாட்டன அன்னிக்கே. சோறு வடிக்கணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும். ஒக்காந்து முழிக்க எனக்கு எங்க நேரம்? இப்ப எழுபத்திரண்டுல இருக்கறேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொந்த அறிவுன்னு சொன்னீங்களே. நான் குறுக்க வர வாணாம்னு இருந்துட்டேன்."

சுப்பராயலு மோட்டாரை நிறுத்தினார். சட்டென்று விழுந்த அமைதியில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. "நாளைக்கி அத்தினி பேரு எதுர்ல நான் கடைசி மடைய மொதல்ல தொறந்தா, ஒங்கண்ணன் இன்னா கேப்பான் தெரியுமா?"

"தெரியும். ஏரிலயும் அப்புடியே தொறங்க மாப்ளன்னு கேக்கும்."

"தொறக்கலன்னா?"

"ஏழு தொட்டிக்கு வக்கில்லன்னு சொல்லும்." அவள் சேறாகாமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "சாப்ட வாங்க. கருவாட்டுக் கொழம்பு ஆறுது."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. விடை தெரியாதபோது இருந்த நிம்மதி விடை தெரிந்ததும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பெரிய டிவி வைத்து, அரிகரன் தலைவர் போனை அதில் தெரியும்படி இணைத்தார். தலைமடைக்காரர்கள் முன்வரிசையில், கடைமடைக்காரர்கள் பின்னால். உட்காருவதிலும் வாய்க்கால் வரிசைதான். எல்லோரும் அளவுக்கு மீறி அமைதியாக இருந்தார்கள். ஊர் முழுக்க எப்போதோ இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்பது சுப்பராயலுவுக்கு அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. புதிர் அவிழ்வதைப் பார்க்க அங்கே யாரும் வரவில்லை, அவர் எந்த மடையில் கை வைக்கிறார் என்று பார்க்க வந்திருந்தார்கள்.

அவர் விரல் கடைசி மடை வரைக்கும் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பின்னால் யாரோ இருமினார்கள். விரல் திரும்பி வந்து முதல் மடையைத் திறந்தது.

பெரிய டிவியில் வாத்து இன்னும் பெரிதாகத் தலையாட்டியது.

"கடைசி மடையத் தொறந்து பாருங்க மாப்ள" என்றார் தங்கவேல்.

"மச்சான், நீ யூட்யூப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப அது பிட்டு அடிச்சது. சபையில செல்லாது."

"பிட்டு அடிச்சாலும் தொட்டி ரொம்புதுல்ல?"

"தொட்டி ரொம்பறது முக்கியமில்ல மச்சான். எப்புடி ரொம்புதுங்கறதுதான் முக்கியம்." சுப்பராயலு எழுந்து நின்று சபையைப் பார்த்தார். "இந்த கேமச் செஞ்சவனுக்கு வெவசாயம் தெரியாது. புதிரே தப்பு. தப்பான புதிருக்கு சரியான விட கெடையாது."

முன்வரிசை கைதட்டியது. அறுபதாவது, எழுபதாவது கட்டத்தில் இருந்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

சுப்பராயலு நிம்மதியாக கேமை மூடினார். மூடியதும், நேற்று மத்தியானம் மூட மறந்த யூட்யூப் டிவி முழுக்க விரிந்தது. தொப்பிக்காரனுடையது, இன்னொருவனுடையது, இந்திக்காரனுடையது, மூன்றின் அடியிலும் பார்த்து முடித்ததற்கான சிவப்புக் கோடு முழுதாக ஓடியிருந்தது.

பின்வரிசை மொத்தமும் நன்றாகப் பார்க்க எழுந்து நின்றது.

"அப்ப தெரிஞ்சேதான் தப்பாத் தொறந்தீங்களா மாப்ள?" தங்கவேல் குரலில் கோபமே இல்லை. அறுவடைக்கு முன்னால் பதர் பார்க்கிற குரல்.

சுப்பராயலு வாயைத் திறப்பதற்குள் அரிகரன் மைக்கைப் பிடுங்கினார்.

"ஆமா, பாத்தாரு. விடையப் பாத்தும் அத வச்சி வெளாடல. கையில கெடச்சத வேணான்னு வச்சாரு. நீங்கள்லாம் பாத்தீங்க, பாத்து ஜெயிச்சீங்க. அவரு பாத்துட்டுத் தோத்தாரு. இதுல யாரு நேர்மையான ஆளு? நீங்களே சொல்லுங்க."

யாரும் பதில் சொல்வதற்குள் தலைவர் தேர்தலுக்குக் கை தூக்கச் சொன்னார். தலைமடையில் தலைகள் அதிகம். வைஜெயந்தி அண்ணனுக்குத்தான் கை தூக்கினாள். சுப்பராயலு பார்க்காதது போல இருந்தார். பார்க்காதது போல இருப்பது அவருக்கு அந்த வாரம் நன்றாகப் பழகியிருந்தது.

விடையைப் பார்த்துப் பெற்ற வெற்றி வெற்றியாகாது என்றும், ஏரித் தண்ணீர் வழக்கம்போல முதலில் தலைமடைக்கே என்றும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. மறுபடி தலைவரான சுப்பராயலுவுக்கு மாலை போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சுப்பராயலு கைப்பிடிக்கு எண்ணெய் தடவி, கதவுக்குப் பின்னால் அதே பள்ளத்தில் சாய்த்து வைத்தார்.

கார்த்திகைப் புயலில் தலைமடை, கடைமடை இரண்டும் ஒரே நாளில் முழுகிப்போக, அந்த வருஷம் மடையைத் திறக்கவே இல்லை.