முக்காலிக்கு எத்தனை கால்

கஸ்பாரின் உளிகளுக்குத் தனித்தனி வீடு இருந்தது. அவன் மனைவி சகாயமேரிக்கு உட்கார ஒரு பலகை கிடையாது.

அதியமான்கோட்டையில் அவர்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் பக்கத்தில் ஒரு சாய்ப்பு. முன்பு ஆடு கட்டிய இடம். ஆட்டை விற்ற மறுநாளே கஸ்பார் அதைப் பட்டறை ஆக்கிக்கொண்டான். வாரத்தில் ஆறு நாள் தர்மபுரி புளி மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள்; சாயங்காலம் வந்து கை கால் கழுவியதும் சாய்ப்புக்குள் புகுந்துகொள்வான். சரக்கு வந்த பெட்டிகளின் பலகையைக் கேட்டு வாங்கிவந்து சுவரில் அடித்திருந்தான். ஒவ்வொரு சாமானையும் அதன்மேல் வைத்து, அடுப்புக்கரியால் சுற்றிலும் கோடு இழுத்திருந்தான். சுத்தியல் வெளியே போனால் சுவரில் சுத்தியல் கோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிகளை உத்தரத்தில் ஆணி வைத்து அறைந்து, பாட்டில்களைக் கீழிருந்து திருகி மாட்டியிருந்தான். ஒரு பாட்டிலில் ஒரு அங்குல ஆணி, அடுத்ததில் ஒன்றரை.

போதாததற்கு எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு வேறு. ஊர்ச் சர்ச்சான பங்குக் கோயிலின் அறையில் நடந்த முதியோர் வகுப்பில் நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன் அவன். கற்றது கைவிட்டுப் போய்விடுமோ என்று, கண்ணில் பட்டதன்மேல் எல்லாம் எழுதி ஒட்டினான். மரம் சீவுகிற இழைப்புளியின் மேல் ‘இளைப்புளி’ என்று ஒட்டியிருந்தான்.

"என்னங்க, இளைப்புளின்னு போட்டிருக்குது. இளைச்சது அதுவா, நீங்களா?" என்றாள் சகாயமேரி.

"ழானா போட மறந்துட்டேன் மேரி."

"ழானாவும் வேண்டாம், ளானாவும் வேண்டாம். ரெண்டு வருசமாச்சு, களி கிண்ட ஒரு துடுப்பு செஞ்சு குடுத்தீங்களா?"

அவள் சொன்னது பொய்யில்லை. ரம்பத்துக்கு ஒரு பெட்டி செய்தான். பெட்டியை வைக்க ஒரு தட்டு செய்தான். தட்டு கோணலாகப் போனதால், கோணல் வராமல் அறுக்க ஒரு சட்டம் செய்தான். அந்தச் சட்டத்தை மாட்ட ஒரு முளை. இப்படியே சாமான்களுக்குச் சேவகம் பண்ணிப் பண்ணியே ஆண்டு இரண்டு ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு வந்த கையோடு சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது என்பது சகாயமேரி போட்ட சட்டம். "அடுக்கி வெக்கிறது வேலையில்ல மேரி" என்று அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்து, ஞாயிறு முழுக்க அடுக்கியதையே திரும்ப அடுக்குவான்.

அந்த வருசம் மழைக்காலத்துக்கு முன்னால் அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது நடு முதுகில் சுளீர் என்றது. நான்கு நாள் சுவரைப் பிடித்து நடந்தான். ஐந்தாம் நாள் மறுபடியும் மூட்டை. இன்னும் எத்தனை நாளைக்கு இந்த முதுகு ஓடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். சகாயமேரி ராத்திரியில் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

அப்போதுதான் சலாவுதீன் பாய் வந்தார். தர்மபுரியில் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். கஸ்பாரின் சாய்ப்பைப் பற்றி யாரோ சொல்லிப் பார்க்க வந்தவர், உத்தரத்தில் தொங்குகிற பாட்டில்களைக் கண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"கஸ்பாரு, இத்தனை ஒழுங்கா வெச்சிருக்கற ஆளு மரத்துலயும் ஒழுங்காத்தான் இருப்பே. தொப்பூருல தர்மன்னு ஒருத்தர் ஓட்டல் நடத்துறாரு. இருவது முக்காலி வேணுமாம். சனிக்கிழமை அவரு கடைக்கு வர்றாரு. மாதிரிக்கு ஒன்னு செஞ்சு மொதல்ல எனக்குக் காட்டு. ஆடாம நின்னா வேலை ஒனக்கு."

இருபது என்றால் மூன்று மாதம் மண்டிப் பக்கம் போக வேண்டாம். பிறகு அடுத்த வேலை வரும். கஸ்பாருக்கு அன்றைக்கே முதுகு பாதி நேராகிவிட்டது.

முக்காலி செய்யும் முன்னால், வழக்கப்படி, முக்காலி செய்வதற்கு ஒரு சாமான் செய்தான். கனமான புளியங்கட்டையில் சாய்வாக ஒரு துளை. அதைப் பலகையின் மூலையில் வைத்து, அந்தத் துளை வழியே துரப்பணத்தை விட்டுக் குடைந்தால் நான்கு காலும் ஒரே சாய்வில் விரிந்து நிற்கும். கண் அளவு பார்க்க வேண்டாம், கை நடுங்கினாலும் குற்றமில்லை. இரண்டு நாளில் முக்காலி முடிந்தது. வீட்டில் வைத்தான். லேசாக ஆடியது. ஒரு காலில் கொஞ்சம் இழைத்தான். அசையாமல் நின்றது. புதன்கிழமை மண்டிக்குப் போகிறபோதே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

பாய் கடை சிமெண்டுத் தரை. வைத்ததும் முக்காலி டக்கு டக்கு என்றது.

"என்னப்பா இது, ஒக்காந்தா தாலாட்டுது! ஓட்டலுக்குக் கேட்டாங்களா, தொட்டிலுக்குக் கேட்டாங்களா?"

"வூட்டுல நின்னுதுங்க பாய்."

"ஒன் வூட்டுத் தரை என்ன தரை?"

"சாணி மெழுகுன தரைங்க."

"அப்பிடிச் சொல்லு. தரை மேடு பள்ளத்துக்குக் காலை இழைச்சிருக்கே. தர்மன் ஓட்டல்ல முன்னால கடப்பாக் கல்லு, பின்னால மண்ணு, வாசல்ல சரளை. எல்லாத்துலயும் நிக்கணும். சனிக்கிழமை வரைக்கும் பாரு, இல்லேன்னா வேற ஆளு பாக்கறேன்."

கோயில் தாழ்வாரத்துச் சிமெண்டில் வைத்து இழைத்தான். அங்கே நின்றது, வீட்டில் ஆடியது. வீட்டில் இழைத்தால் கோயிலில் ஆடியது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் முக்காலி நான்கு விரல் குள்ளமாகிவிட்டது.

"இன்னும் ரெண்டு நாள் இழைச்சீங்கன்னா மணைக்கட்டையா எனக்கே ஆவும். இழைங்க, இழைங்க" என்றாள் சகாயமேரி. வாசலில் கல் கூட்டி வைத்த அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது.

கஸ்பார் இழைப்புளியைக் கீழே வைத்தான். என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் அவன் செய்வது ஒன்றுதான். ஒரு சீட்டை எடுத்து, தான் செய்த புளியங்கட்டைக்குப் பெயர் எழுத உட்கார்ந்தான். எழுதியதை விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தான்.

"மு... க்... கா... லி... க் கட்டை."

"மறுக்காப் படிங்க."

"முக்... காலி."

"மூணு காலுன்னு எழுதிப்புட்டு நாலு காலு அடிச்சா அது எப்பிடிங்க கேக்கும்?"

"அடப் போ மேரி. ஊரே நாலு காலைத்தான் முக்காலிங்குது. பாய் கடையில நிக்கிறதெல்லாம் நாலுதான்."

"ஊரு படிக்காம சொல்லுது. நீங்க படிச்சவரு."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கஸ்பார் சீட்டையும் பார்த்தான், அடுப்பையும் பார்த்தான். மூன்று கல். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று கோணல். மேலே களிப்பானை, அவள் பழைய துடுப்பைப் போட்டு அந்தக் கிண்டு கிண்டுகிறாள், பானை ஆடவில்லை.

"மேரி, அந்த அடுப்புக்கு நாலாவதா ஒரு கல்லு வெச்சா?"

"பானை ஆடும். இது கூடவா தெரியாது?"

கஸ்பார் எழுந்தான். சீட்டைக் கிழிக்கவில்லை, கட்டையைத்தான் தூக்கிப் போட்டான். அது மூலைக்கு ஆகும், மூன்று காலுக்கு ஆகாது. புதிதாக வட்டப் பலகை ஒன்று அறுத்து, நடுவில் ஆணி அடித்து, விளிம்பு வரைக்கும் ஒரு நூலைப் பிடித்தான். வட்டத்தை மூன்றாக எப்படிப் பங்கு போடுவது? சும்மா அதே நூலை விளிம்பு ஓரமாக வைத்து அளந்துகொண்டே போனான். ஆறாவது முறை ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றது. ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை சுற்றினான். அதுவும் ஆறு. ஒன்றுவிட்டு ஒன்று குறித்தால் மூன்று. அந்தக் குறியில் வைத்துத் துளைக்க வெள்ளிக்கிழமை ஒரு புதுக் கட்டை செய்து, அன்று ராத்திரியே மூன்று காலையும் மாட்டி முடித்தான்.

சனிக்கிழமை கடையில் பாய் முக்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வர்ற வழியில பஸ்ல ஒரு காலு களவு போயிருச்சா?"

"வெச்சுப் பாருங்க பாய்."

சிமெண்டில் வைத்தார். நின்றது. படியில் பாதி, தரையில் பாதி வைத்தார். சாய்ந்து நின்றதே தவிர ஆடவில்லை. ரோட்டோரச் சரளையில் வைத்தார். நின்றது. தொப்பூர் தர்மனும் அங்கே இருந்தார். நல்ல பருத்த சரீரம். வந்து உட்கார்ந்தார். முக்காலி முனகக்கூட இல்லை.

"பலே" என்றார் தர்மன். சொன்னவர், கீழே விழுந்த தீப்பெட்டியை எடுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தார். இரண்டு காலுக்கு நடுவில் பாரம் போனது. முக்காலி பக்கவாட்டில் புரண்டது. தர்மன் தீப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கஸ்பாருக்கு முதுகு பழையபடி சுளீர் என்றது. மூன்று மாதமும் கண்முன்னால் மூட்டை மூட்டையாகப் போனது. ஓடிப்போய்த் தூக்கினான். "அண்ணா, மன்னிச்சிக்குங்க. காலை இன்னும் ரெண்டு விரல் அகட்டி வெச்சா புரளாதுங்க. கட்டையில துளையை மட்டும் மாத்துனாப் போதும்."

தர்மன் வேட்டியைத் தட்டிக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தால் சிரித்தார். "ரொம்ப அகட்டிப்புடாத. ஒரு டீயைக் குடிச்சுப்புட்டு மேசை மேல சாஞ்சு தூங்கறானுங்க டிரைவருங்க. நேரா ஒக்காந்தா நிக்கணும், சாஞ்சா எழுப்பணும். ஒரு விரல் அகட்டு, போதும். இருவதும் செஞ்சிரு."

"நல்லாயிருக்குது" என்று சலாவுதீன் பாய் குறுக்கே வந்தார். "நாலு காலுக்குத்தானே வெலை பேசுனோம்? காலு ஒன்னு கொறஞ்சா வெலையிலயும் கால் கொறையணும். முக்காலிக்கு முக்கால் வெலை, கஸ்பாரு."

"அதெப்படிங்க பாய்? அண்ணன் முழுசாத்தானே வுழுந்தாரு?"

பாய்க்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. விலை முழுசாகவே நின்றது.

கஸ்பார் அங்கிருந்து நேராக மண்டிக்கு நடந்தான். மேஸ்திரி மூட்டைகளின் நடுவே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமையிலருந்து நான் வரலீங்க."

"ஏன், மறுபடியும் முதுகா?"

"முதுகு இல்லீங்க, காலு" என்றான் கஸ்பார். "அறுவது காலு."