எட்டுக்குக் காளான் கறி

"உதென்ன சுளகிலை?"

"காளான்."

"காளானெண்டு எனக்கும் தெரியுது. ஆரைக் கேட்டு இண்டைக்கு உதை இந்த வீட்டுக்குள்ளை கொண்டுவந்தனீ?"

குசினி வாசலில் நின்ற இரத்தினம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தக்சாயினி புற்றுக் காளான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பில் ஒட்டியிருந்த செம்பாட்டு மண்ணைக் கத்தியால் சுரண்டினாள். பக்கத்தில் இரண்டு ஏதனங்கள். ஒன்றில் கடையில் வாங்கிய சிப்பிக் காளான், மற்றதில் வைக்கோற்போரின் ஈரத்தில் முளைத்த சின்னக் காளான்.

அன்று சயந்தனின் எட்டு, செத்த எட்டாம் நாள். செத்தவருக்கு என்னென்ன விருப்பமோ அத்தனையையும், மீன் இறைச்சி முட்டை சாராயம் என்று பாராமல், இலையில் படைக்கிற நாள். சயந்தன் தக்சாயினிக்குப் புருசன். இரத்தினம்மாவுக்கு ஒரே தம்பி.

"உன்னோடைதான் கதைக்கிறன்."

"மச்சாள், எட்டுக்கு அவருக்குப் பிடிச்சதைத்தானே வைக்கிறது? அவருக்குப் பிடிச்சது இது."

"என்ரை தம்பியைச் சாக்காட்டினது காணாதெண்டு, அவன்ரை எட்டுக்கும் அதையே வைக்கப்போறியோ?"

கத்தி நின்றது. செத்தவீட்டிலிருந்து இந்தக் கதை பந்தலுக்குள்ளும் கிணற்றடியிலும் குசுகுசுவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. தக்சாயினி போனால் நிற்கும், அவள் திரும்பினால் தொடங்கும். முகத்துக்கு நேரே வந்தது இன்றைக்குத்தான்.

"திருப்பிச் சொல்லுங்கோ."

"சொல்லுவன். உனக்கென்ன பயமோ? நீ காய்ச்சிக் குடுத்தாய். திண்டான். விடிய எழும்பேக்கை காய்ச்சல், சத்தி. பேந்து கண்ணெல்லாம் மஞ்சள். இதுக்கு என்ன சாத்திரமோ பாக்கவேணும்?"

"நானும் திண்டனான். கீர்த்திகாவும் திண்டவள். பக்கத்து வீட்டு லூர்த்தம்மாக்காவுக்கும் ஒரு கிண்ணம் குடுத்துவிட்டனான். எங்களுக்கு ஏன் ஒண்டும் வரேல்லை?"

"எல்லாம் நல்லதாய்க் கிடந்து, பாம்பு ஊதின காளான் ஒண்டு அதுக்குள்ளை கிடந்தாக் காணும். அது அவன்ரை கோப்பைக்குள்ளை விழுந்திட்டுது. உங்கடை கோப்பையளுக்குள்ளை விழேல்லை. அவ்வளவுதான்."

இந்தக் கதைக்கு யாரால் என்ன சொல்ல முடியும்? சட்டியோ கழுவியாகிவிட்டது. தின்றவனோ எரிந்தாகிவிட்டது.

அந்தப் புற்று இருந்தது இரத்தினம்மா பிறந்த வீட்டின் நடு அறையில். காங்கேசன்துறைக்குக் கிட்ட, வருசக் கணக்காக ஆமிக்காரரின் பிடிக்குள் கிடந்து பிறகு விடுபட்ட காணி. முதன்முதலில் உள்ளே போனபோது கூரையில்லை, கதவில்லை, நிலத்தைப் பிளந்துகொண்டு ஆளுயரத்துக்குக் கறையான் புற்று நின்றது. சயந்தன் அதை இடிக்க விடவில்லை. பக்கத்தில் புதுவீடு கட்டினான். ஐப்பசி மழை விழுந்து புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் குடை விரிந்தால் அவனே போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவான். இந்த ஒரு காளானைத்தான் எனக்குத் தெரியும், தெரியாத ஒன்றையும் தொடக்கூடாது என்று வேறு யாரையும் கிட்டப்போக விடமாட்டான். இன்று விடிய அதே புற்றடிக்குத் தக்சாயினி தானே போய்ப் பிடுங்கி வந்திருந்தாள்.

"அண்டைக்குப் பிடுங்கினது அவர்," என்றாள் தக்சாயினி. "காய்ச்சினது நான். அவர் செத்தது எலிக்காய்ச்சலிலை. டொக்டர் உங்கடை முகத்தைப் பாத்துத்தானே சொன்னவர்? வெள்ளம் நிண்ட வயலுக்குள்ளை, புண் காலோடை நிண்டு வாய்க்கால் வெட்டின மனிசன்."

"மழை பெய்தால் டொக்டர்மாருக்கு எல்லாம் எலிக்காய்ச்சல்தான்."

"அப்ப உங்களுக்கு எல்லாம் காளானோ?"

"வாயாடாதை. பெத்த பிள்ளையே உன்ரை கையாலை தின்னுதில்லை. அதுக்கென்ன சொல்லுறாய்?"

பதினாறு வயது கீர்த்திகா செத்தவீட்டிலிருந்து தாய் காய்ச்சிய ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. மாமி இரத்தினம்மா பேக்கரியில் வாங்கிக் கொடுத்த பணிசைத் தின்றாள். லூர்த்தம்மா கொண்டுவந்த புட்டைத் தின்றாள். தாய் போட்ட சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. ஏன் என்று தக்சாயினி கேட்கவில்லை. கேட்டால் பிள்ளையின் வாயாலும் அந்தச் சொல்லே வந்துவிடுமோ என்று பயந்தாள்.

எழும்பி அடுப்பை மூட்டினாள்.

சிப்பிக் காளானைக் கத்தி படாமல் கையால் கிழிக்கவேண்டும். கிழித்தாள். கிழித்த விதத்தைப் பார்த்து இரத்தினம்மாவே ஓரடி பின்னால் போனாள். வெங்காயத்தையும் பெருஞ்சீரகத்தையும் எண்ணெயில் போட்டு, காளானைக் கொட்டி, தண்ணீர் விட்டு வற்றும்வரை அகப்பையால் அடித்துப் பிரட்டினாள். வைக்கோல் காளானைக் குறுணியாக அரிந்து தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சேர்த்து வறை வறுத்தாள். புற்றுக் காளானுக்கு மாத்திரம் அவசரப்படவில்லை. அதற்குத் தேங்காயின் முதற்பாலும் கொஞ்சம் கறித்தூளும் காணும், கூடப் போட்டால் அதன் வாசம் செத்துவிடும். சயந்தனுக்கு அந்த வாசம்தான் வேண்டும். முருங்கையிலையைக் கடைசியில் தூவி இறக்குவாள், அவன் அடுப்படியிலேயே கோப்பையோடு குந்திக்கொண்டிருப்பான்.

படைக்கிற சாமானை உப்புப் பார்க்கக்கூடாது. கையளவை நம்பிப் போட்டாள்.

இரத்தினம்மாவின் புருசன் மார்க்கண்டு கடைப்பையுடன் வந்தார். சயந்தனுக்குப் படைக்கவென்று வாங்கிய சாராயக் கால் போத்தல் பைக்குள் இருந்தது.

"அட, நல்ல வாசம். ஆட்டிறைச்சியோ?"

"காளான்," என்றாள் இரத்தினம்மா.

"ஓ." மார்க்கண்டு இழுத்த மூச்சைத் திருப்பிக் கொடுத்துவிடப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "பிள்ளை, நான் ஒண்டு சொல்லட்டோ? அந்தச் சிப்பிக் காளானை வை. அது கடைச் சாமான், ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். புத்துக் காளானை விடு. பின்னேரம் சனம் வரும். ஏன் வீண் கதை?"

"அண்ணை, கடைக் காளானை வைச்சுப் புத்துக் காளானை ஒளிச்சால், நான்தான் குடுத்துச் சாக்காட்டினனான் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. சனம் வரட்டும். வந்து பாக்கட்டும்."

"பாத்தியளோ திமிரை!" என்றாள் இரத்தினம்மா.

வேலிப் பொட்டுக்குள்ளால் லூர்த்தம்மா குனிந்து வந்தாள். கையில் ஈரச் சொப்பிங் பை. "எடி தக்சா, இந்தா, விளைமீன். இப்பத்தான் கரைக்கு வந்தது. தம்பிக்குத் தலையை முறிக்காமல் பொரிச்சு வை." அப்போதுதான் மற்றவர்களின் முகத்தைக் கண்டாள். "என்ன, ஆர் ஆரைக் கடிக்கிறியள்?"

"உன்ரை சிநேகிதி புத்துக் காளான் படைக்கப்போறாவாம்."

"படைக்கட்டுமன். நானும் அண்டைக்குத் திண்டனான் அக்கா. சட்டியையும் வழிச்சனான். மாதா இன்னும் என்னைக் கூப்பிடேல்லை."

"நீ பகிடி விடாதை. அவ்வளவு நல்ல சாமானெண்டால், முதல் உவளை ஒரு வாய் தின்னச் சொல்லு பாப்பம், எனக்கு முன்னாலை!"

"படைக்க முந்தியோ? வேதக்காரி எனக்கே தெரியும் அது கூடாதெண்டு. உங்கடை தம்பிக்கு எச்சிலோ வைக்கச் சொல்லுறியள்?"

இரத்தினம்மாவின் கை நீண்டது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்கு.

தக்சாயினி அகப்பையால் அந்தக் கையை மறித்தாள்.

"சட்டியிலை கை வையாதேங்கோ."

"இது என்ரை அப்புவின்ரை காணி."

"ஓம், உங்கடை அப்புவின்ரை காணிதான். படலையும் உங்கடை அப்புவின்ரை படலைதான். அதாலைதானே அண்டைக்கு அதைச் சாத்திக்கொண்டு நிண்டனீங்கள்?"

"என்னடி சொல்லுறாய்?"

"காய்ச்சல் கண்ட அண்டைக்கே நான் ஓட்டோவைக் கூப்பிட்டனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. படலையிலை நிண்டது ஆர்? இது காளான் நஞ்சு, பரியாரியார் இறக்கிப்போடுவார், ஊசி போட்டால் மருந்து முறிஞ்சுபோம் எண்டது ஆர்? கெண்டைக்கால் வெடிக்குது அக்கா, கொண்டுபோங்கோ எண்டு அவர் கத்தக் கத்த, மூக்கைப் பிடிச்சுக் கசாயம் பருக்கினது ஆர்? சத்தி எடுக்க எடுக்க நஞ்சு போகுது நஞ்சு போகுதெண்டு சந்தோசப்பட்டது ஆர்?"

"நல்லதுக்குத்தானே செய்தனான்! என்ரை தம்பியடி அவன்!"

"ஏன் இவ்வளவு நாளும் வீட்டிலை வைச்சிருந்தனீங்கள் எண்டு டொக்டர் பேசேக்கை நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்? காது கேக்கேல்லையோ?"

"பிள்ளை, பிள்ளை," என்று மார்க்கண்டு நடுவில் வந்தார். "உந்தக் கதையை இத்தோடை விடு. உப்பிடிப் பாத்தால் பேந்து நாங்கள்தான் அவனை..."

"வாயை மூடுங்கோ!" என்று இரத்தினம்மா புருசனைப் பார்த்துக் கத்தினாள். குரல் பிளந்து போயிருந்தது.

அப்போதுதான் தக்சாயினிக்கு விளங்கியது. மச்சாளுக்கு அது காளானாகத்தான் இருக்கவேண்டும். காளான் இல்லையென்றால் பிறகு கசாயம். கசாயம் என்றால் பிறகு அந்தக் கை. விளங்கியபோது பாவமாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"உங்கடை பாரத்தைக் கொண்டுவந்து என்ரை சட்டிக்குள்ளை போடாதேங்கோ மச்சாள். பிள்ளைக்கும் அதையே சொல்லிச் சொல்லி, என்ரை கையாலை தின்ன விடாமல் ஆக்கிப்போட்டியள்."

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

குரல் அறை வாசலிலிருந்து வந்தது. கீர்த்திகா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"மாமி சொன்னா நான் நம்பிப்போடுவனோ? எனக்கென்ன விசரோ? அந்தக் காளானிலை நான் ரண்டு தரம் போட்டுத் திண்டனான்."

"அப்ப ஏனம்மா..." தக்சாயினியின் குரல் இறங்கியது. "ஏன் என்ரை சாப்பாட்டைத் தொடுறாயில்லை?"

"இண்டைக்குத்தான் கேக்கிறியள்."

"சொல்லு."

"ஓட்டோ வந்து நிண்டது. அப்பாவின்ரை சறம், துவாய், எல்லாத்தையும் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு நான் முதலே ஏறி இருந்திட்டன். மாமி படலையிலை நிண்டா. நீங்கள் மாமியைத் தள்ளிவிட்டிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வருவியள், வருவியள் எண்டு. நீங்கள் வந்து என்னை இறங்கச் சொன்னனீங்கள். ஓட்டோக்காரனைப் போகச் சொன்னனீங்கள்."

அடுப்பில் பால் கொதித்து விளிம்புக்கு வந்தது. லூர்த்தம்மா போய் விறகை வெளியே இழுத்தாள்.

"மூத்தவ... அவ ஒண்டு சொல்லேக்கை..." என்று தக்சாயினி தொடங்கினாள்.

"இப்ப இவ்வளவு கதைக்கிறியளே. அகப்பையாலை கையை மறிக்கிறியளே. ஒரு சட்டிக் கறிக்காக. அண்டைக்கு எங்கை போனது இந்த வாய்?"

தக்சாயினி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஓம்," என்றாள் தக்சாயினி. "போகச் சொன்னனான்."

"கேட்டியோ! பிள்ளையே சொல்லுது..." என்று இரத்தினம்மா தொடங்கினாள்.

"உங்களுக்கு நான் இன்னும் சொல்லத் தொடங்கேல்லை மாமி. பேசாமல் இருங்கோ."

மார்க்கண்டு கால் போத்தலைத் தூக்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தேடுகிறவரைப் போல முற்றத்துக்குப் போய்விட்டார்.

மைமல் பொழுதுக்குச் சனம் வந்தது. சயந்தனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து இரத்தினம்மா சோறு போட்டாள், பொரித்த விளைமீன் வைத்தாள், முட்டை வைத்தாள், சாராயத்தை ஊற்றி வைத்தாள். தக்சாயினி பிரட்டலையும் வறையையும் வைத்தாள். பாற்கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு வரும்போது, வந்திருந்த பெண்களில் யாரோ "உது அதுவெல்லே?" என்றது கேட்டது. இலைக்குக் கிட்ட வந்தும் தக்சாயினி சட்டியைச் சரிக்கவில்லை.

கீர்த்திகா எழும்பி வந்து தாயின் கையிலிருந்து சட்டியை வாங்கினாள். சோற்றுக்குப் பக்கத்தில் நிறைய ஊற்றினாள்.

இரத்தினம்மா குனிந்து, கறி படாத பக்கத்தால் இலையைப் பிடித்து இழுக்கப்போனாள்.

"கையை எடுங்கோ," என்றாள் கீர்த்திகா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மாமிக்கும் இலைக்கும் நடுவில் வந்து நின்றாள், நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. இரத்தினம்மா நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள். அவர் கற்பூரத்துக்கு நெருப்புப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். சனத்தைப் பார்த்தாள். சனம் நிலத்தைப் பார்த்தது. இலையிலிருந்து கை மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது. "என்ரை தம்பி" என்று ஒருதரம் கத்திக்கொண்டு அவள் பழைய வீட்டுப் பக்கமாக இறங்கிப் போனாள். யாரும் பின்னால் போகவில்லை. கொஞ்ச நேரத்தின் பின் லூர்த்தம்மா, "விழுந்து கிழுந்து துலைப்பா," என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

படைத்து முடிந்து சனம் சாப்பிட இருந்தது. புற்றுக் காளானைச் சிலர் வாங்கினார்கள், சிலர் கையை மறித்தார்கள். தக்சாயினி வாங்கினவர்களையும் மறித்தவர்களையும் பார்க்கவில்லை.

கீர்த்திகா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து சுவரோரம் இருந்தாள்.

"சோறு போடுங்கோ."

அம்மா என்று சொல்லவில்லை. தக்சாயினி போட்டாள்.

"என்ன கறி?"

"மூண்டும்."

மூன்றையும் வைத்தாள். பிள்ளை குழைத்து, முகத்தைத் தூக்காமல், பெரிய பெரிய கவளமாக விழுங்கினாள். கண்ணீர் சோற்றுக்குள் விழுந்தது, துடைக்கவில்லை. தக்சாயினி பக்கத்தில் இருக்கப்போனாள்.

"இஞ்சை இராதேங்கோ. அங்காலை போங்கோ."

தக்சாயினி போனாள். அடுப்படியில் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தி, கோப்பை வெறுமையாகிறதா என்று அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.