எர்மெக் நின்ற பக்கம்

சாரி-கியா ஊர் நிலக்கரிச் சுரங்கத்தின் மேற்குப் பாதை இடிந்து சமாத் என்ற இளைஞன் உள்ளே புதைந்த வாரத்தில், அவனுடைய அண்ணன் எர்மெக்கின் எடை இரண்டு காளைகளின் எடைக்கு ஏறியது. உடம்பு பழைய உடம்புதான். கன்னம் ஒட்டி முன்னைவிட இளைத்துக்கூட இருந்தான். ஆனால் அவன் உட்கார்ந்த பெஞ்சுகள் முறிந்தன. அவன் நடந்த தெருவில் தார் அழுந்தி பூட்ஸ் அளவுக்குக் குழிகள் விழுந்தன. மழைக்குப் பிறகு அவற்றில் குருவிகள் குளித்தன. சுரங்க ஆட்கள் அவனை லாரி நிறுக்கும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, மேடைதான் கெட்டுப்போச்சு என்று ஒரு காலி லாரியை ஏற்றினார்கள். லாரி சரியாகவே காட்டியது. துக்கம் சிலருக்குத் தலையை நரைக்க வைக்கும், சிலருக்கு வயிற்றில் புண் வைக்கும், இவனுக்கு இப்படி என்று ஊர் அதை அத்தோடு விட்டுவிட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்து, ருஷ்ய இன்ஜினியர்கள் பெட்டி படுக்கையோடு ரயிலேறிப் போய், கோதுமை மாவு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த வருஷம் அது. அடுத்தவன் எடையைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

இசாபெக் மட்டும் யோசித்தார். அவர் சுரங்கத்தில் ஷிப்ட் மேஸ்திரி, சாயங்காலங்களில் ஊர்க் கால்பந்து அணியின் பயிற்சியாளர். அணியின் தடுப்பாட்டம் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க சிரிப்புக்கு ஆளாகியிருந்தது. பக்கத்து ஊரான புலாக்குக்குக் கல்யாணத்துக்குப் போனால், பிலாவ் சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போதே யாராவது, அண்ணாச்சி என்ற மரியாதைச் சொல் குறையாமல், ஆரம்பித்துவிடுவார்கள்: “என்ன பைக்கே, உங்க கோல்கீப்பருக்கு முதுகுவலி எப்படியிருக்கு? வலைக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு பந்து பொறுக்குறவனாச்சே!” அவர் சோற்றைப் பிசைந்தபடி தானும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து மனைவி ஜிபாரிடம் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போடுவார். சுரங்கம் போயிற்று, ரயில் நின்றுபோயிற்று, பள்ளிக்கூடத்தில் பாதி வாத்தியார்கள் போய்விட்டார்கள், மிச்சமிருப்பது இந்தப் பதினொரு பேர்தான் என்பது அவர் எண்ணம். அதில் தவறும் இல்லை.

எர்மெக் அந்த அணியில் தடுப்பாட்டக்காரன், ‘பேக்’ ஆடியவன். எதிராளி வலதுபக்கம் போனால் இடதுபக்கம் ஓடுகிற ஆள். எடை ஏறிய பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் அவன் ஓடவே இல்லை. கோலுக்கு முன்னால் போய் நின்றான். அவனைச் சுற்றிப் புல்தரை ஒரு பெரிய தாம்பாளம்போல மெல்லக் குழிந்தது. எங்கிருந்து உதைத்தாலும் பந்து கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு மனசு மாறியதுபோல் வளைந்து, உருண்டு, அவன் காலடியில் வந்து நின்றது. எதிரணி முன்கள ஆட்டக்காரர்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அவன் அருகே வந்ததும் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்கள். நடுவர் இடைவேளையில் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஆட்டக்காரனின் எடையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அந்தப் பருவம் முழுக்க சாரி-கியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. வெறும் ரொட்டியும் தேநீருமாகப் படுக்கப்போன ஜனங்கள் சிரித்த முகத்தோடு படுத்தார்கள்.

மறு வருஷம் வசந்தத்தில் மஸ்தூரா வந்தாள். உஸ்பெக் விதவை, சந்தை முனையில் தந்தூர் அடுப்பு போட்டு ரொட்டி சுட்டாள். எர்மெக் ரொட்டி வாங்கப் போனான். “எர்மெக் அகா, வாசல்லயே நில்லுங்க. நேத்துதான் தரை மெழுகுனேன். நீங்க கால் வெச்சா அடுப்பே என் மடியில வந்து விழும்” என்றாள். அவன் சிரித்தான். தம்பி போன பிறகு அவன் சிரித்தது அதுவே முதல் தடவை. வீட்டுக்குத் திரும்பும்போது தெருவில் அவன் கால் பதிந்த தடம் ஆழம் குறைந்திருந்ததை இசாபெக் பார்த்தார். செர்ரி பழுக்கிற சமயத்தில் எர்மெக் அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து தேநீர் குடித்தான், முக்காலி முறியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கோல் விழுந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு.

தேநீர்க்கடையில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. தடுப்பாட்டம் தாங்குமா, இலையுதிர்காலக் கோப்பைவரை தாங்குமா, புலாக்கோடு மோதும்போது தாங்குமா? தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு பெரிய மனிதர்கள் விவாதித்தார்கள். கடைசியில் ஒப்பாரி பாடுகிற பெண்களை ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாள் அவர்கள் எர்மெக்கின் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, சமாத்தின் கண்ணையும் மூக்கையும் அவன் குதிரையேறும் அழகையும் சொல்லி அழுதார்கள். கொஞ்ச நாள் பலன் இருந்தது. பிறகு அவர்களுக்குச் சொல் தீர்ந்தது. ஒருத்தி பாதியில் நிறுத்தி, “போதும்டி, பாவம், அவன் சாப்பிடட்டும்” என்று எழுந்துபோனாள்.

இசாபெக் யாருக்கும் எந்த உத்தரவும் போடவில்லை. தேநீர்க்கடையில் வாயைத் துடைத்துக்கொண்டு, “அந்த அடுப்பு இல்லேன்னா அவன் எங்க போய் உக்காருவான்?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் யாரோ கொதிக்கிற அடுப்பில் தண்ணீரை ஊற்றியதில் தந்தூர் நெடுக வெடித்திருந்தது. மஸ்தூரா களிமண் குழைத்துப் புது அடுப்பு கட்டினாள். ரொட்டி வாங்க ஒருவரும் வரவில்லை. மாவில்லாத அந்த ஊரில், எள் தூவிய சுடுரொட்டி மாலைவரை அடுக்கிக் கிடந்து காய்ந்தது. சிறுபிள்ளைகள் வாசனை பிடித்து வந்தால் தாய்மார்கள் காதைத் திருகி இழுத்துப்போனார்கள். இலையுதிர்காலம் பிறந்தபோது அவள் ஓஷ் நகரத்திலிருக்கும் அக்காள் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தாள். “நீங்களும் வாங்க” என்றாள். எர்மெக் சரி என்றான். புலாக்கோடு கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின மாலை இசாபெக் அவன் வீட்டுக்குப் போனார். எர்மெக் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு, தரையில் தடம் விழாமல் சாதாரண மனிதனாக நடமாடிக்கொண்டிருந்தான்.

“பைக்கே, கோவிச்சுக்காதீங்க. நான் ரொட்டி சுடப் போறேன். இனிமே பந்துன்னா மாவுருண்டைதான்.”

“போடா. யாரு வேணாம்னா? போறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சுக்க. சமாத் அன்னிக்கே சாகலை.”

எர்மெக்கின் கை முடிச்சிலேயே நின்றது.

“உள்ளேர்ந்து தட்டிக்கிட்டே இருந்தான். காத்துக் குழாயில. எல்லாரும் கேட்டோம். நீ அப்போ காய்ச்சலோட நகரத்து ஆஸ்பத்திரில கிடந்த. இடிஞ்சதுல உள்ள தீப் பிடிச்சிருந்துச்சு, இந்தப் பக்கம் பரவிடும்னு பாதையை அடைச்சோம். சிமெண்ட் குழைச்சது நான்தான்.”

“எவ்வளவு நேரம் தட்டினான்?”

“சுவர் காயுற வரைக்கும்.”

அது பொய்யில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று யாரும் பேசி முடிவு செய்யாமலே எல்லோரும் பேசாமலிருந்தார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போது இசாபெக் எர்மெக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் காலுக்குக் கீழிருந்த பலகைகளைப் பார்த்தார். முதல் பலகை முனகியது. இரண்டாவது பிளந்தது. மூன்றாவது உடைந்தபோது அவருக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அதை ஜிபாரிடம் சொன்னார்.

“அதைப் போயா சொன்னீங்க? அவன்கிட்டயா? ஒரு கோப்பைக்கா?”

“கோப்பைக்கு இல்லடி. தடுப்பாட்டத்துக்கு.”

அவள் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். அதன்பிறகு சாகும்வரை அவருக்கு அவள் கையால் தேநீர் ஊற்றவில்லை, அவரே ஊற்றிக்கொண்டார்.

காலையில் பஸ் ஏறும்போது எர்மெக் படியில் கால் வைத்தான், படி பிய்ந்து விழுந்தது. கைப்பிடியைப் பிடித்து ஏறப் பார்த்தான், வண்டி மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்து உள்ளேயிருந்த கோழிகள் கத்தின. “அண்ணே, விட்ருங்க, அச்சு போயிடும்!” என்று டிரைவர் கூவினான். மஸ்தூரா இறங்கி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். “என்ன சொன்னாங்க உங்ககிட்ட?” என்றாள். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்; ஒரு மலையின் கையைப் பிடித்து இழுப்பதுபோல. ஹாரன் அடித்தது. “நீ போ” என்றான். அவள் போனாள்.

கடைசி ஆட்டத்தில் புலாக் ஆட்கள் நடுக்கோட்டைத் தாண்டவே சிரமப்பட்டார்கள். இடைவேளையில் பக்கம் மாறியபோது எர்மெக் எப்படியோ கால்களைப் பிடுங்கிப் பிடுங்கி மறுகோலுக்கு நடந்தான். அதற்கே இடைவேளை முழுதும் பிடித்தது. மறுபாதியில் முழங்கால் அளவு புதைந்தான். விசில் ஊதும்போது இடுப்பு. சாரி-கியா ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்தது. ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து அவன் தோளில் விழுந்து முத்தமிட்டார்கள், ஒரு செம்மறியாட்டை அவன் கண் முன்னாலேயே அறுத்தார்கள். பிறகு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. “விடுங்க” என்றான் எர்மெக்.

அடுத்த பருவத்தையும் அவன் அங்கிருந்தபடியே ஆடினான். மார்புவரை புதைந்தபோதும் பந்து அவனிடம் வந்தது, தலையால் தள்ளினான். ஆட்டிறைச்சிச் சூப்பைக் கரண்டியில் ஊட்டிவிட ஆட்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஊட்டும்போது, “அடுத்த வருஷமும் தாங்குவியாப்பா?” என்று கனிவாகக் கேட்டார்கள். பனிக்காலம் வந்ததும் தலைக்கு மேல் பலகை வைத்து மூடட்டுமா என்றார்கள். அவன் அன்றைக்குத்தான் குரல் உயர்த்தினான்: “மேல எதையும் வைக்காதீங்க!” பனி உருகியபோது அவன் முழுக்க இறங்கிவிட்டிருந்தான். செத்தான் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லாததால் முல்லா தொழுகை நடத்தவில்லை. பந்து பழையபடி வளைந்து வந்து அந்த இடத்தில் நின்றது.

தொல்லை ஒன்றுதான். இடுப்புவரை புதைந்த நாளிலிருந்தே எர்மெக் பக்கம் மாறுவதில்லை. இடைவேளைக்குப் பிறகு அந்தக் கோல் எதிரணிக்குப் போய்விடும். ஊர் அணியின் முதுகுக்குப் பின்னால் திறந்துகிடப்பது மறுகோல். பக்கம் மாறாமலே ஆடலாமா என்று கால்பந்துச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பக்கம் மாறித்தான் ஆகவேண்டும் என்று பதில் வந்தது. எனவே மறுகோலுக்கும் ஓர் ஆள் தேடினார்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் துக்கம் கேட்க ஊரே போயிற்று, போனவர்கள் கட்டி அழுதுகொண்டே அந்த வீட்டாரின் காலடியை நோட்டம் விட்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் சால்வை மாதிரி லேசாகவே இருந்தாள். குதிரை செத்துப்போன ஒருவன் கணுக்கால்வரை புதைந்து நம்பிக்கை கொடுத்தான், வேறு குதிரை வாங்கியதும் வெளியே வந்துவிட்டான்.

ஜிபார் நுரையீரல் காய்ச்சலில் போனாள். கம்பளிக் கூடாரம் போட்டு, வந்தவர்களையெல்லாம் இசாபெக் வாசலில் நின்று கட்டித் தழுவினார். எல்லோரும் கீழே பார்த்தார்கள். கம்பள விரிப்பு சுருங்கக்கூட இல்லை. “முதல் நாள்தானே, போகப்போக ஏறும்” என்று ஒருவர் மற்றவருக்கு ஆறுதல் சொன்னார். நாற்பதாம் நாள் சடங்கும் முடிந்தது. ஏறவில்லை. இசாபெக் தனியே உட்கார்ந்து அவளுடைய நல்ல குணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்; அவள் தேநீர் ஊற்றாத வருஷங்களையும் நினைத்தார்; எழுந்து நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஆட்டத்திலும் இடைவேளைக்குப் பிறகு அவர் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு மறுகோலுக்கு முன்னால் போய், இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நிற்கிறார். நடுவர்கள் ஆரம்பத்தில் வெளியே போகச் சொன்னார்கள். பிறகு கோல் கம்பத்தைப் போல அவரையும் மைதானத்தில் ஒரு சாமானாக வைத்துக்கொண்டு விசில் ஊதப் பழகிவிட்டார்கள். பந்து அவர் கால்களுக்கு நடுவே போனாலும் கோல்தான்.