ஏழு பேர், மூன்று கூறு

தலைமை டாக்டரின் பதில் நான்கே நிமிடத்தில் வந்துவிட்டது. முப்பத்திரண்டு பக்கக் கட்டுரை. அதில் முதல் பெயர் அவருடையது. "பிரமாதம். எழுதியவருக்கு என் பாராட்டுகள்" என்று அனுப்பியிருந்தார். எழுதியவர் தான்தான் என்று ஊர் நம்பப்போவது அவருக்கே அந்த நேரத்தில் மறந்துபோயிருக்க வேண்டும். உண்மையில் எழுதிய அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. மருந்துக் கம்பெனி சோதனை நடத்தி முடிவுகளை இந்த அலுவலகத்துக்கு அனுப்பும். அவள் அதைக் கட்டுரையாக எழுதுவாள். மேலே டாக்டர்களின் பெயர் ஏறி, மருத்துவ இதழில் அச்சாகும். துணிக்கடை நடத்தும் அக்கா போன் எடுத்தாலே, "என்னடி பேய், இன்னிக்கு யார் உடம்புல ஏறியிருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

பேய்க்கும் ஒரு ஆசை இருந்தது. கட்டுரையின் அடியில், பொடி எழுத்தில், 'எழுத்து உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி வரும். அதில் தன் பெயரும் ஒருமுறை வர வேண்டும். முறைப்படி வர வேண்டியதுதான் அது. அதையே வருடா வருடம் கேட்டாள். வருடா வருடம் "பாக்கலாம்மா" என்றார் மேலாளர்.

இந்த முறை கட்டுரை முழங்கால் வலி மாத்திரையைப் பற்றியது. மாத்திரை சாப்பிட்டவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் ஏழு பேர் தலை சுற்றியோ மயங்கியோ தடுமாறியோ விழுந்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட கூட்டத்தில் விழுந்தவர் ஒருவர்தான். ஏழு பேரில் ஒரு அம்மாளுக்குப் படியில் உருண்டு மணிக்கட்டு முறிந்திருந்தது. "விழுந்ததற்கு நோயாளி எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்" என்று நர்ஸ் குறிப்பு எழுதியிருந்தார். அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். ஏழு பேரையும் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதிவிட்டாள்.

மேலாளருக்கு அலுவலகத்தில் 'கத்தரி' என்று பட்டப்பெயர். அன்று அவர் எதையும் வெட்டவில்லை, பிரித்தார்.

"இதோ பாருங்கம்மா. மயங்கினவங்க மூணு, தலை சுத்தினவங்க ரெண்டு, தடுமாறி விழுந்தவங்க ரெண்டு. எல்லாத்தையும் ஏன் ஒண்ணா கட்டுறீங்க?"

"எல்லாரும் தரையிலதானே சார் கிடந்தாங்க?"

"தரை ஒரு நோய் இல்லையேம்மா."

நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் வந்த தொல்லைகளை மட்டும்தான் அட்டவணையில் போடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. ஏழாக நின்றால் மூன்றைத் தாண்டும். கூறு போட்டதும் ஒவ்வொரு கூறும் இரண்டுக்குக் கீழே போய், மூன்றும் அட்டவணையிலிருந்து நழுவிவிட்டன. பொய் என்று ஒரு எழுத்துகூட இல்லை. வாடிய காய்கறியைக்கூட இவ்வளவு சுத்தமாகக் கூறு கட்டி அவள் பார்த்ததில்லை.

அதனால்தான் டாக்டருக்குப் பக்க ஓரத்தில் ஒரு குறிப்பு வைத்தாள்: 'ஏழு பேரைத் தனித்தனியாகப் பிரித்திருக்கிறோம், தயவுசெய்து பாருங்கள்.' அவர் பாராட்டிவிட்டுப் போய்விட்டார்.

குறிப்பைக் கத்தரி பார்த்துவிட்டார். மதியம் கூப்பிட்டனுப்பினார். திட்டு வாங்கத் தயாராகப் போனவளை உட்காரச் சொன்னார்.

"கோவம்லாம் இல்லம்மா. ஒரு நல்ல சேதி. நன்றி வரில உங்க பேர் போடுறோம். இனிஷியலோட."

கடைக்காரர் வீட்டில் பிறந்தவள் செய்யக்கூடாத தப்பைச் செய்தாள். சரக்கைத் தொட்டுப் பார்க்குமுன்பே 'என் பேர் அச்சுல வரப்போகுது' என்று கணவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். இடத்துக்குத் திரும்பி அதற்கான ஒப்புதல் படிவத்தைத் திறந்தபோதுதான் மூன்றாவது வரி கண்ணில் பட்டது: 'இறுதி வடிவத்தை முழுமையாகப் படித்தேன். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.'

மாடிப்படித் திருப்பத்தில் நின்று அக்காவை அழைத்தாள். எதிர்முனையில் யாரோ ஜாக்கெட் துணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குக் கீழ முடியாதுங்க, வேணும்னா அடுத்த கடைல பாத்துட்டு வாங்க... சொல்லுடி பேய்."

சொன்னாள்.

"பதினோரு வருஷமா குடுக்காத கொசுறை இன்னிக்கு ஏன்டி குடுக்குறான்?"

"அதான் தெரியுதேக்கா."

"கையெழுத்து போடலேன்னா?"

"என் பேர் வராது."

"சரக்கு?"

"சரக்கு போகும்."

"அந்தப் பத்திரிகைக்காரனுக்கே நேரா எழுதிப் போட்டா?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே, உள்ள பாத்ததை வெளிய சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்க்கா. வேலை போகும். அடுத்த வேலையும் போகும்."

அக்கா பெருமூச்சு விட்டாள். "எங்க கடைல சாயம் போற துணின்னா வாங்குறவ தண்ணில நனைச்சாவது பாப்பா. உங்க சரக்கை யாரு நனைச்சுப் பாக்குறது?" பிறகு, யாரிடமோ, "சரி எடுத்துக்கோங்க, போங்க" என்றாள். அக்கா அவ்வளவு சீக்கிரம் பேரத்தை விட்டுக்கொடுத்து அவள் கேட்டதே இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'பெயர் அச்சில் எப்படி வர வேண்டும்?' இன்னொன்று, 'மறுப்பதானால் காரணம், ஒரு வரிக்குள்.' முதல் கட்டத்தில் இனிஷியலை அடித்தாள், அழித்தாள். ஒரு வரிக்குள் ஏழு பேரை எப்படிப் படுக்கவைப்பது என்று இரண்டாவது கட்டத்தின் அகலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அதிர்ந்தது. கணவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கூடத்துச் சுவரில் புதிதாக ஆணி அடித்து, கண்ணாடிச் சட்டம் ஒன்றை மாட்டியிருந்தான். 'அளவு சரியா இருக்கும். உன் பழைய கட்டுரையை வச்சுத்தான் பாத்து வாங்கினேன்' என்று கீழே எழுதியிருந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. சட்டம் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கண்ணாடியில், போனை உயர்த்திப் பிடித்தபடி, வாயெல்லாம் பல்லாக அவன் நின்றுகொண்டிருந்தான்.