திருவாதவூருக்கே போகும் கால்கள்

மதுரை காளவாசல் பட்டறையில் செய்த செயற்கைக் கால் எதுவும், மாட்டியவரின் சொந்த வீட்டுக்கு முதலில் போனதில்லை. திருவாதவூர் மலைச்சாமி வீட்டுக்குத்தான் போனது. முதலில் அப்படிப் போனவள் உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சாயி. மேற்கே போக வேண்டியவளைக் கால் கிழக்கே திருப்பியது. பேருந்து நிலையத்தில் வேறெந்தப் படியிலும் ஏறாமல், திருவாதவூர் பஸ்ஸைக் கண்டதும் தானாக ஏறியது. மலைச்சாமி வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துத் திரும்பிய பிறகு, அவள் நினைத்த பக்கமெல்லாம் ஒழுங்காக நடந்தது.

பட்டறையைத் தொடங்கியவர் மலைச்சாமியின் தம்பி பீமாராவ். ஜெர்மனியில் கால் செய்யும் நிபுணர். தை பிறந்தால் விடுப்பெடுத்து வந்து, மதுரைப் பிள்ளைகளுக்கு மாவுக்கட்டில் அச்செடுக்கக் கற்றுக்கொடுப்பார். மற்ற மாதங்களில் அங்கிருந்தே வீடியோவில் பார்த்துத் திருத்துவார். கால்கள் ஏன் இப்படிப் போகின்றன என்று மாணவி பவதாரிணி கேட்டபோது, கணுக்கால் திருகைச் சரிபார்க்கச் சொன்னார். திருகில் குற்றமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மலைச்சாமிக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. நிலமின்றிக் கூலிக்குப் போன நாளில், கதிரடிக்கும் மிஷினில் வேட்டி சிக்கியது. அன்று மிஷினில் நிற்கும் முறை பீமாராவுடையது. தம்பி பரீட்சைக்குப் படிக்கிறான் என்று அண்ணன் போய் நின்றார். பீமாராவ் படித்த படிப்பும் ஏறிய விமானமும் அந்தக் காலை நினைத்துத்தான். ஆனாலும் ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டு, வேட்டிக் கரைக்குக் கீழே பார்வை போகாமல் எழுந்துவிடுவார். அண்ணனும் கேட்கவில்லை. கூலிக்குப் போன காலத்திலும் அந்தக் குடும்பம் யாரிடமும் கை நீட்டியதில்லை.

வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சர்க்கரை நோயில் கால் போன கடைக்காரர் சிஹாபுதீன் வாசலில் சங்கடத்தோடு நின்றார். "மாப்பு பண்ணுங்கண்ணே. கடைக்குத்தான் கெளம்புனேன், இது இங்க கூட்டியாந்துருச்சு." பிறகு மலைச்சாமியின் ஊன்றுகோலைப் பார்த்தார். "ஊருக்கே கால் குடுக்குறாரு உங்க தம்பி. உங்களுக்கு இல்லையா?"

"அவன் தர்றேன்னுதான் நிக்கிறான் பாய். நாந்தான் வேணாம்னுட்டேன். கடிக்கும்," என்றார் மலைச்சாமி, முதுகு வளையாமல்.

"போட்டே பாக்கல, கடிக்குமாம்ல," என்று அவர் மனைவி உள்ளிருந்து சொன்னாள். "பாய், நாளைக்கு எம்புட்டுப் பேரு வருவாகன்னு அந்தக் காலக் கேட்டுச் சொல்லுங்க. ஒல வைக்கணும்."

சிஹாபுதீன் இதைப் பட்டறையில் வந்து சொன்னார். அண்ணன் யார் மானத்துக்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்று தை விடுப்பில் அங்கிருந்த பீமாராவுக்கு மட்டும் புரிந்தது. மறுநாள் மாவுக்கட்டுப் பையோடு போய் அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"வேட்டியத் தூக்குங்கண்ணே."

"வேணாம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப மாட்டுனா என் வாக்கு என்னடா ஆகுறது?"

"எனக்காகச் சொன்ன பொய்தான அது."

மலைச்சாமி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். பிறகு வேட்டியை விலக்கினார். "மாவ இப்புடிச் சிந்துற. இந்தக் கையிக்கா செர்மனில சம்பளம் குடுக்குறான்?"

அந்தக் காலைப் பவதாரிணியைக்கூடத் தொடவிடாமல் பீமாராவே செய்தார். மலைச்சாமி மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தார், அடுப்படிவரை நடந்தார். கடிக்கவில்லை. வாசற்படிக்கு வந்ததும் கால் நின்றது. தள்ளியபோது உள்ளே திரும்பியது. மற்றக் கால்கள் தேடி வரும் வீட்டில் இது ஏற்கனவே இருந்தது, அதற்குப் போக வேறிடமில்லை. பீமாராவ் இன்னொன்று செய்தார். அதுவும் படி தாண்டவில்லை. "விடுடா," என்றார் அண்ணன். "வெளிய போகக் கம்பு இருக்கு."

இப்போது பட்டறையில் கால் கொடுக்கும்போதே, முதல் நடை திருவாதவூருக்கு என்று சொல்லி பஸ் நேரமும் சொல்லிவிடுகிறார்கள். மலைச்சாமி எல்லோரையும் இரண்டு காலில் நின்றே வரவேற்கிறார். வெளியே போக ஊன்றுகோலை எடுப்பவர், தம்பி விமானத்துக்குக் கிளம்பும் நாளில் மட்டும் அதைத் தொடுவதில்லை. தம்பி செய்த காலிலேயே வாசற்படிவரை வருகிறார். அங்கே அது நின்றுவிடுகிறது. பீமாராவ் பஸ் நிறுத்தத்துக்குத் தனியாக நடக்கிறார்.