பஞ்சவர்ணம் கொடுத்த குரல்

கிள்ளான் நகரின் லிட்டில் இந்தியாவில், ஒரு சேலைக் கடை வாசலில் பதினெட்டு வருடமாக மைக் பிடித்தவள் பஞ்சவர்ணம். "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க" என்று அவள் அழைத்தால், அவசரமாகப் போகிறவர்களும் ஒரு நொடி நிற்பார்கள். இப்போது தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குரலை முன்கூட்டியே பதிவு செய்து, பிறகு கைப்பேசி வழியாக அதே குரலில் பேசவைக்கும் ஆராய்ச்சியில் இருந்தாள் மலர்விழி. தலைநகர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஆய்வறைக்குப் பஞ்சவர்ணம் கணவன் ராஜனோடும் தங்கை மாதவியோடும் வந்தாள். ஒப்புதல் படிவத்தில் ஒரே கையெழுத்துக்குத்தான் இடம். விதிப்படி மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும்.

தனியாக உட்கார்ந்ததும் பஞ்சவர்ணம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவங்கள வெளிய உட்கார வச்சிட்டு நான் மட்டும் சைன் பண்ணா எப்படி லா, மிஸ்?"

அந்தச் சனிக்கிழமை மலர்விழி கிள்ளானுக்கு ரயில் ஏறினாள். மழை. ஜன்னலில் ஊர்கள் கரைந்து கரைந்து நழுவின. அரைத் தூக்கத்தில், ஆளில்லாத ஒரு குரல் பெட்டி பெட்டியாக யாரையோ தேடி நடப்பதுபோல் இருந்தது.

பஞ்சவர்ணத்தின் வீட்டில் எல்லாரும் மலர்விழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அவ போனாலும் குரல் எங்கூடவே இருக்கும்ல?" என்றான் ராஜன்.

"போனவங்களப் பேச வைக்கக்கூடாது மாமா," என்றாள் மாதவி.

பஞ்சவர்ணம் எழுந்து உள்ளே போனாள். மலர்விழி அவளைப் பின்தொடர்ந்து சமையலறைக்குப் போனாள்.

"நீங்க என்னக்கா நினைக்கிறீங்க?"

"நான் போனப்புறம், பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் குரல் இருக்கட்டும். அப்புறம் நிறுத்திடுங்க. அவரு மத்தவங்க பேச்சையும் கேக்கணும்ல."

அதைக் கூடத்துக்கு வந்து அவளே சொன்னாள். ராஜன் எழுந்து, மழை அடித்த ஜன்னலைச் சாத்தினான். பிறகு சரியென்று தலையசைத்தான்.

மலர்விழி படிவத்தைத் திருத்தினாள். முதலில் குடும்பத்தோடு பேச்சு, பிறகு நோயாளியோடு தனியாக. கடைசிப் பக்கத்தில், குரல் எதுவரை இருக்கலாம் என்று எழுத ஓர் இடம்.

"நம்ம பார்த்த எந்தப் படிவத்துலயும் இது இல்லையே," என்றார் ஆய்வுத் தலைவர் கமலநாதன். ஆனாலும் அவரே அதை ஒப்புதல் குழுவிடம் கொண்டுபோய் வாதாடினார். நான்கே நாளில் அனுமதி கிடைத்தது. பஞ்சவர்ணம் கையெழுத்துப் போட்டு, ஆறு நாள் உட்கார்ந்து, மீன் விலையிலிருந்து மகளைத் திட்டுவது வரை பேசிப் பதிவு செய்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம். மதியம், பஞ்சவர்ணத்தின் விரல்கள் கைப்பேசியில் மெதுவாக நகர்ந்தன. அதிலிருந்து அவளுடைய பழைய குரல் எழுந்தது.

"சோறு ஆறுது, வாங்க."

அறையிலிருந்து ஓடிவந்த ராஜன் கைப்பேசியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, "வந்துட்டேன்" என்றான்.